அந்தப் பாட்டைச் சுத்தம் செய்துவிட்டார்களாம்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். பெங்களூரிலிருந்து பேசினார். நல்ல மரியாதையான குரல். பழைய ஆல்பங்களின் உரிமையை வாங்கி இணையத்தில் ஏற்றுகிற கம்பெனியில் வேலையாம்.

"சார், கருந்தூசி பேண்டோட ஆல்பம் நீங்கதானே ரெக்கார்டிங் பண்ணீங்க? மறுபடி வெளியிடறோம் சார்."

எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. ஓய்வு பெற்றபின் எனக்கு வருகிற போனெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்கிற போன்தான். உட்கார்ந்து பேசலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அஞ்சாவது பாட்டுதான் சார் ரொம்ப டேமேஜ் ஆகியிருந்துச்சு. ஏதோ மிஷின் சத்தம் முழுக்க ஏறியிருந்தது. சாப்ட்வேர்ல விட்டுச் சத்தத்தை மட்டும் தனியா எடுத்துட்டோம். இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க கேட்டு ஓகே சொன்னா, மேற்பார்வைன்னு உங்க பேரையும் போட்டுக்கறோம்."

அனுப்பச் சொன்னேன். வந்தது. கேட்டேன். ஒரு பெண் அழகாகப் பாடினாள். பின்னால் கிடார் அடக்கமாக ஒலித்தது. பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருக்கும்போது போடுவார்களே, அந்த மாதிரி. பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஒலிப்பதிவாளர் சங்கத்துப் பிள்ளைகள் "ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். என்ன பெரிய அனுபவம் என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முறையான படிப்பு கிடையாது. காரமடைத் தேருக்கு மைக் செட் கட்டுகிற ஆட்களோடு கூம்பு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். ஈயம் பற்றவைக்கக் கற்றேன். ஆம்ப்ளிபயரைப் பிரித்தேன், திரும்பப் பூட்டியபின் மிச்சமாகக் கிடந்த திருகாணிகளுக்காகத் திட்டு வாங்கினேன். பிறகு ஒருவர் கைகாட்டிவிட, கோவையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தேன். பாடம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வேலை.

அந்தக் கூடம் கணபதி என்கிற பகுதியில், லேத்துப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தில் இருந்தது. வாடகை சல்லிசு என்று முதலாளி பிடித்த இடம். பின்பக்கத்துச் சுவருக்கு அப்பால் மாரப்பண்ணன் பட்டறை. பம்புக் கம்பெனிகளின் வார்ப்புகளை வாங்கி, ஒட்டியிருக்கும் பிசிறைத் தேய்த்துக் கொடுப்பார். தேய்ப்பது கிரைண்டரில். கோயமுத்தூர் என்றதும் மாவாட்டுகிற கிரைண்டரை நினைத்துவிடாதீர்கள். இது சாணைக்கல் பூட்டிய கிரைண்டர். இரும்பு அதில் படும்போது வரும் சத்தத்தில் நம் வாயில் இருக்கும் பல்லெல்லாம் தனித்தனியாகத் தெரியும். "மீன் மார்க்கெட்டுக்குள்ள பூக்கடை வெச்ச மாதிரியல்லோ இருக்குது உங்க ஸ்டூடியோ" என்பார் மாரப்பண்ணன்.

எனவே ஒரு ஏற்பாடு. எங்கள் பின்சுவரில், பட்டறையைப் பார்த்த மாதிரி, ஒரு சிவப்பு பல்பு. பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானதும் ஃபேனை நிறுத்துவேன், ஏசியை நிறுத்துவேன், பிறகு பல்பு சுவிட்சைப் போடுவேன். பல்பு எரிந்தால் மாரப்பண்ணன் கிரைண்டரை நிறுத்துவார். அணைந்தால் ஓட்டுவார். பதிலுக்கு ஆயுத பூசைக்கு அவர் பட்டறைக்கு மைக் செட் எங்கள் பொறுப்பு. இதற்குப் பத்திரமா எழுதினோம்? வாய்ப்பேச்சுதான். எத்தனையோ அம்மன் பாட்டு, எத்தனையோ ஜவுளிக்கடை விளம்பரம், எல்லாம் அந்த மனிதர் கையை எடுத்த நேரத்தில் பதிவானவை. பாடகர் அம்மனை உருகி உருகி அழைத்துக்கொண்டிருக்கும்போது சரணம் நீண்டுபோனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "ஏனுங் மணி, ஆத்தா இன்னும் வல்லீங்களா? லோடு வண்டி நிக்குதுங்."

முதலாளி பெயர் விசுவநாதன். ஆர்மோனியம் வாசித்தவர். யாரிடமும் அவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பாத்துக்கலாமுங்க" என்றால் நடக்காது. "சித்த பொறுங்க" என்றால் இந்த வருஷம் இல்லை. "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க" என்றால் வேலை போய்விட்டது. ஒரு தபேலாக்காரர் இதை அப்படியே நம்பி, கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று வீட்டில் நிஜமாகவே ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி தன் காரியத்தைச் சாதிக்கும்போது குரல் இன்னும் தணிந்துவிடும். காது கொடுத்துக் கேட்கவேண்டியிருக்கும். கேட்பதற்காகக் குனிந்தவன், பெரும்பாலும் தலையாட்டிவிட்டுத்தான் நிமிர்வான்.

அங்கேதான் கருந்தூசி வந்தது. மேகலா பாடுவாள், கிடாரும் வாசிப்பாள். கல்லூரி ஒன்றில் லேப் வேலை. கூட மூன்று பையன்கள். எதற்கு அம்மணி இப்படியொரு பேரு என்று முதலாளி கேட்டார்.

"பவுண்டரி வேலைக்குப் போயிட்டு வந்து மூக்கச் சிந்துனா வருமுங்களே, அதுதானுங்."

முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆனால் பையன்கள் நல்ல பிள்ளைகள். ஆல்பத்தில் முதல் நாலு பாட்டும் சிக்கலில்லாமல் முடிந்தன. காதல் பாட்டுகூட ஒன்று இருந்தது. முதலாளி தலையாட்டி ரசித்தார்.

அஞ்சாவது பாட்டுக்கு 'முதல் ஷிப்ட்' என்று பெயர். மேகலாவின் அப்பா பொன்னுசாமி ஒரு பம்புக் கம்பெனியின் வார்ப்படச் சாலையில் கிரைண்டர் ஓட்டியவர். தலையில் ஒரு நரை விழுவதற்குள் இரண்டு காதும் போய்விட்டது. கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, "வயசானா சகஜந்தானுங்களே" என்று சொல்லி அனுப்பினார். மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டு வழியனுப்பினாராம். அதைத்தான் மேகலா பாட்டாக எழுதியிருந்தாள். ஒரே தந்தியை விடாமல் அறுக்கிற கிடார். டிரம்ஸ்காரன் டிரம்மோடு ஒரு வார்ப்பிரும்புச் சக்கரத்தையும் வைத்து அடித்தான். அவள் பாடவில்லை, கத்தினாள். இதெல்லாம் போதாதென்று இன்னொன்றும் கேட்டாள்.

"மணியண்ணா, பின்னாடி ஓடுதுங்களே கிரைண்டரு, அது வேணுமுங்."

"எங்கே?"

"பாட்டுல. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும்."

வாழ்நாளெல்லாம் எந்தச் சத்தத்தைத் துரத்தினேனோ அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கச் சொல்கிறாள். முதலாளி பார்த்துக்கலாமுங்க என்றார். மேகலாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. மறுநாளே மாரப்பண்ணனிடம் போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டாள். அவருக்கு ஒரே சிரிப்பு. "எம் மிசினும் பாடப் போகுதுங்களா? அப்ப அதுக்கொரு மால வாங்கிப் போடோணும்."

பின் ஜன்னல் வழியாக கேபிளை விட்டேன். மைக் செட் காலத்துப் பழைய மைக் ஒன்று என்னிடம் இருந்தது, கீழே போட்டாலும் சாகாது. அதைச் சாக்குத்துணியில் சுற்றி, தீப்பொறி படாத பக்கமாகக் கட்டினேன். முதலாளி ஜன்னல் ஓரமாக நின்று, "அந்த ஜெர்மன் மைக்க எடுத்துப்போடலீங்களே?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் தயார். "பல்பு எரிஞ்சதும் ஓட்டுங்ணா" என்று மாரப்பண்ணனிடம் சொல்லிவிட்டு வந்து சுவிட்சைப் போட்டேன். கிடார் எழுந்தது. டிரம்ஸ் எழுந்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றுபோயிற்று.

மறுபடி சொன்னேன். மறுபடி பல்பைப் போட்டேன். மறுபடி நின்றது. எட்டிப் பார்த்தால், மனிதர் தன் கையையே முறைத்துக்கொண்டு நிற்கிறார். "நாம்போயி நிறுத்தலீங் மணி. அந்த வெளிச்சத்தக் கண்டா கை தானாப் போவுதுங்." டிரம்ஸ்காரன் சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து விழுந்தான். என் கையும் பழக்கத்தில் சுவிட்சைப் போட்டுவிடும் என்பதால், கடைசியில் பல்பின் மேல் மாரப்பண்ணன் தலைத்துண்டையே போட்டு மூடிவிட்டு, ஜன்னலில் ஒரு பையனை நிறுத்திக் கையசைக்கச் சொல்லித்தான் பதிவு செய்தோம்.

சத்தத்தைக் கலக்கும் வேலைக்கு உட்கார்ந்தபோது நான் கிரைண்டரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். மேகலா பக்கத்தில் நின்று, "கூட்டுங்ணா" என்றாள். கூட்டினேன். "இன்னுங் கூட்டுங்."

"கேக்கறவன் ஆஃப் பண்ணிப்போடுவான் அம்மணி."

"பண்ணட்டுங்ணா. எங்கப்பாவால ஆஃப் பண்ண முடியலீங்களே."

கூட்டினேன். மீட்டர் முள் சிவப்பைத் தொட்டு அங்கேயே நின்றது. எங்கள் தொழிலில் அது குற்றம். அன்றைக்கு மட்டும் அதுதான் சரி என்று பட்டது.

மேகலா அப்பாவை ஒருநாள் கூட்டிவந்தாள். பொன்னுசாமியண்ணனுக்குக் காது கேட்காததால் அவர் பேசுவது சந்து முனை வரை கேட்கும். முன்பு அவர்கள் வீட்டில் தினமும் சண்டை என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அவரை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளங்கையை அதன்மேல் வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு பாட்டாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒறம்பரை வீட்டுக்கு விருந்துக்குப் போய்ப் பலகாரம் சாப்பிடுகிறவர் மாதிரி, "நல்லாருக்குது கண்ணு" என்று தலையாட்டினார். பெட்டி அதிர்ந்தது, அவ்வளவுதான் அவருக்கு.

அஞ்சாவது பாட்டைப் போட்டேன். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். மெதுவாகத் திரும்ப வைத்தார். முகம் மாறிவிட்டது.

"ஏங்கண்ணு" என்று சந்து முனைக்குக் கேட்கிற மாதிரி கேட்டார், "இத எதுக்குப் புடிச்சு இதுக்குள்ள போட்டே? இங்க வந்தும் வேலையா?"

மேகலா சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவர் கடைசி வரை கையை எடுக்கவில்லை. அவள் பாடிய பாட்டில் அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

இனிமேல் வருவதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது.

சிடியை வாங்கி விற்கிறதாக இருந்தவர் குப்புராஜ் என்று உக்கடத்தில் மொத்த வியாபாரி. அவருடைய சம்பந்தி வீடு அதே பம்புக் கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்த வீடு. வந்தார், முழுப் பாட்டையும் கேட்டார், காபி குடித்தார். "பாட்டு ஜோராருக்குதுங். அந்தப் பின்னாடி வார சத்தம் மட்டும் சித்தக் கொறச்சா எல்லாருக்கும் நல்லதுங்" என்றார். மிரட்டலா அது? ஒருத்தராவது குரலை உயர்த்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். யாரும் உயர்த்தவில்லை. அவர் போனதும் முதலாளி குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மணி, அந்தப் புள்ளைக்குத் தெரியவேண்டாமுங். நோகாம எறக்கிப் போடுங்."

"அது அவிய அப்பன் சத்தமுங்க மொதலாளி. நான் தொடமாட்டேனுங்."

"பாத்துக்கலாமுங்க" என்றார்.

பார்த்துக்கொண்டார். நான் வீட்டுக்குப் போனபின் அவரே உட்கார்ந்து செய்திருக்கிறார். ஆர்மோனியம் வாசித்த விரலால் கிரைண்டரை அடிமட்டத்துக்கு இழுத்து, கூர்மையை எல்லாம் மழித்து, மாதிரி சிடி போட்டு அவளிடமே கொடுத்தும்விட்டார். மேகலா பாதி கேட்டுவிட்டு, வீட்டு ஸ்பீக்கர்தான் மட்டம் என்று நினைத்திருக்கிறாள். அப்பாவைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை சிடியோடு வந்து நின்றாள். முதலாளி எழுந்து வரவேற்றார்.

"வாங்க அம்மணி. அப்பா கேட்டாருங்களா?"

"கேட்டாருங்."

"என்ன சொன்னாருங்?"

"நல்லாருக்குதுன்னு சொன்னாருங்."

"பாத்தீங்களா" என்று முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அவரு நல்லாருக்குதுன்னா ஒண்ணுங் கேக்கலைன்னு அர்த்தமுங்" என்றாள் மேகலா. "எங்க போச்சுங் அந்தச் சத்தம்?"

முதலாளி உட்காரச் சொன்னார். காபி சொல்லட்டுமா என்றார். உங்க நல்லதுக்குத்தான் என்றார். காது கூசுதுன்னு நாலு பேரு சொன்னா உங்க பேரு கெட்டுப்போகுமே என்றார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அந்த டாக்டரும் இப்பிடித்தானுங் பேசுனாரு. மேனேஜரும் எந்திரிச்சு நின்னு கும்புட்டாருங்."

நான் எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டு, அவள் ஒப்புக்கொண்ட பழைய கலவையைத் திறந்து, முதலாளி கண் முன்னாலேயே ஒரு புது சிடியில் ஏற்றி அவள் கையில் கொடுத்தேன். முடிகிறவரை பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் முதலாளி என் தோளைத் தொட்டு, "ரொம்பக் களச்சுப் போயிட்டீங்க மணி. கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்தப் பாஷை எனக்குத் தெரியும் என்பதால் தபேலாக்காரர் மாதிரி காத்திருக்கவில்லை. மறுவாரமே வேறு இடத்தில் கல்யாண மண்டப வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு விளம்பரம், பள்ளி ஆண்டு விழா, ரிடையர்மெண்ட். குப்புராஜ் சிடியை எடுக்கவில்லை. கருந்தூசிப் பிள்ளைகள் தாங்களே கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோய் விற்றார்கள். பாதிப் பேர் அஞ்சாவது பாட்டைத் தாண்டிக் குதித்துத்தான் கேட்டிருப்பார்கள். கேட்டவர்கள் மறக்கவில்லை. அதனால்தான் இன்று பெங்களூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள்.

தேடி வந்து என்ன செய்தார்கள்? விசுவநாதன் முதலாளி கூச்சப்பட்டுக்கொண்டு, ஆளில்லாத நேரத்தில் செய்ததை, இவர்கள் கூச்சமே இல்லாமல் பட்டனைத் தட்டிச் செய்துவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்கிறார்கள். அவருக்காவது தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தது. அந்த சாப்ட்வேருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், குரல் என்றால் பாட்டு, இரும்பு என்றால் பழுது என்று? ஒரு மனிதனின் காதைத் தின்ற சத்தத்தை, காதுக்கு இதமில்லை என்று எடுத்துவிடுவதா? பம்புக் கம்பெனி டாக்டரும் அதைத்தானே சொன்னார், காது போனது சத்தத்தால் இல்லை, வயசால் என்று? இந்த ஊர் பம்பு இல்லாத தோட்டம் நாட்டில் எங்கே இருக்கிறது? தண்ணீர் மட்டும் வேண்டும். அந்தப் பம்பைத் தேய்த்த சத்தம் வேண்டாம்.

மேகலாவுக்குப் போன் போட்டேன். இப்போது வடவள்ளியில் இருக்கிறாள். மறுவெளியீட்டுக்கு நாலு பேரும் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். சுத்தம் செய்யப்போவதாக யாரும் சொல்லவில்லை. சுத்தம் செய்த பாட்டை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். "நல்லாத்தான் பாடியிருக்கறா அந்தப் புள்ள. ஆருங்ணா அது?" என்றாள்.

மத்தியானம் தம்பியையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே போனில் பேசினோம். தம்பி பொறுமையாக விளக்கினார்.

"மேடம், இப்ப எல்லாரும் காதுக்குள்ள வெச்சுக் கேக்கறாங்க. ஆரம்பத்துலயே சத்தம் வந்தா தள்ளி விட்டுடுவாங்க."

"தள்ளட்டுங்."

"வரிகள் அவ்ளோ நல்லாருக்கு. சத்தத்துல ஒண்ணுமே புரியல மேடம்."

"அந்த எடத்துல ஒருத்தர் பேசுனா இன்னொருத்தருக்குப் புரியாது தம்பி. அதுக்குத்தான் அப்பிடி வெச்சது."

"எங்க பாலிசிப்படி இவ்ளோ நாய்ஸோட ஏத்த முடியாது மேடம். ஆனா நாங்க எதையும் அழிச்சுடல. எடுத்த சத்தம் தனி ஃபைலா பத்திரமா இருக்கு."

"அத அனுப்புங்" என்றாள்.

வந்தது. அவள் அங்கேயும் நான் இங்கேயும் கேட்டோம். கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை, அவள் இல்லை. கிரைண்டர் மட்டும், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. கல்லில் இரும்பு ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. நடுவில் ஓரிடத்தில், நான் பாட்டில் ஒருநாளும் கேட்டறியாத ஒன்று: மாரப்பண்ணன் குரல். "இன்னும் ஓட்டோணுமுங்களா?" என்று யாரிடமோ கேட்கிறார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவரையும் சேர்த்துத்தான் பழுது என்று எடுத்துப் போட்டிருக்கிறது அந்த சாப்ட்வேர்.

"கேட்டீங்களாண்ணா?" என்றாள் மேகலா. பிறகு தம்பியிடம், "ரெண்டையும் சேத்துப் போட முடியாதுங்களா?" என்றாள்.

"முடியாது மேடம்."

"அப்பச் சரிங். ஒண்ணு போதும். பாட்ட எடுத்துருங்க. இந்தச் சத்தத்த அஞ்சாவதா வெச்சுருங்க. பேரு அதே பேருதான். இல்லீன்னா ஆல்பமே வேண்டாமுங்."

"மேடம், வெறும் மிஷின் சத்தத்தை யார் கேப்பாங்க?"

"கேட்டவிய இந்த ஊருல நெறையப் பேரு இருக்காங்க தம்பி. தள்ளி உட வழியில்லாமக் கேட்டவிய."

தம்பி மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் பேச்சைத் திருப்பி, "சார், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. உங்க பேரையும் இதுல போடறதா இருந்தோம்" என்றார்.

"போடுங்க தம்பி" என்றேன். "மொதல்ல மாரப்பன்னு எழுதிக்குங்க. பக்கத்துல கிரைண்டர்னு போடுங்க. அதுக்குக் கீழ எம் பேரு."